பூங்காவில் ஆடுகளம் நடத்த இறங்குகிறீர்களா? கடலூரில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கடலூரில் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம், ஒரு பொதுப் பூங்காவின் இறகுப்பந்துத் திடல், கைப்பந்துத் திடல், குழந்தைகள் ஊஞ்சல் பகுதி ஆகிய மூன்றையும் மாநகராட்சியின் அனுமதியோடு நடத்தி வருகிறது. சங்கச் செயலாளர் என்பதால் காகிதக் கட்டு முழுவதும் என் அலமாரியில்தான் இருக்கிறது. மற்ற நகர்களிலிருந்து வருகிறவர்கள் "எங்கே மனு கொடுத்தீர்கள், எவ்வளவு ஆயிற்று, எத்தனை மாதம் பிடித்தது" என்று கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தத்தையும் இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆடுகளம் கட்டப் பணம் கொடுக்க ஆள் கிடைப்பார்கள். கல்வெட்டில் பெயர் வரும், திறப்பு விழாவில் நாற்காலி கிடைக்கும் என்றால் கொடையாளர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மாதாமாதம் விளக்கு எரியவும், கிழிந்த வலையை மாற்றவும், காலையில் கதவைத் திறந்து இரவில் பூட்டவும் பணம் கொடுக்க எவரும் தேடி வருவதில்லை. நம் ஊர்களில் பாழடைந்து கிடக்கும் திடல்களில் பெரும்பாலானவை இதனால்தான் பாழாயின. ஆகவே மாதச் செலவுக்கு வழி செய்துவிட்டுக் கட்டுமானத்துக்கு வாருங்கள்.

1. நிலம் யாருடையது?

பூங்கா என்று பெயர்ப்பலகை இருந்தால் அது மாநகராட்சி நிலம் என்று நினைத்துவிடாதீர்கள். மனைப்பிரிவுகளில் பொது ஒதுக்கீடாக விடப்பட்ட திறந்தவெளி நிலம் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். சில பழைய மனைப்பிரிவுகளில் வரைபடத்தில் மட்டும் பூங்கா இருக்கும், பத்திரம் இருக்காது. திருப்பாதிரிப்புலியூர் போன்ற பழைய பகுதிகளில் கோயில் நிலமாக இருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியானால் நீங்கள் போக வேண்டிய இடம் இந்து சமய அறநிலையத் துறை. வருவாய்த் துறைப் புறம்போக்காக இருந்தால் வட்டாட்சியர் அலுவலகம்.

எடுக்க வேண்டியவை: நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், நில அளவை வரைபடம், மனைப்பிரிவாக இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகல். முதல் இரண்டையும் வருவாய்த் துறையின் நில ஆவண இணையதளத்திலேயே வார்டு, பிளாக், சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். தானப்பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வாய்ப்பேச்சில் பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கேள்வி ஒரே வரியில் இருக்கட்டும்: "இந்தச் சர்வே எண்ணில் உள்ள பூங்கா எந்தத் துறையின் பெயரில் உள்ளது, தானப்பத்திர எண் என்ன?" பத்துக் கேள்விகளை அடுக்கினால் பத்துக்கும் பாதிப் பதில்தான் வரும்.

கடற்கரைப் பக்கம், அதாவது தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையை ஒட்டிய இடமென்றால் இன்னொரு விஷயம் இருக்கிறது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். கான்கிரீட் போடுவது, சுவர் எழுப்புவது எல்லாவற்றுக்கும் தனி அனுமதி தேவைப்படலாம். அங்கே மண் திடலோடு நின்றுகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

2. மாதக் கணக்கைப் போடுங்கள்

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இறகுப்பந்துத் திடலுக்கு 200 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, மாலை மூன்று மணி நேரம் எரிகிறது. நாளுக்கு 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட். நிலைக்கட்டணமும் சேர்த்து மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்குங்கள். காலையும் மாலையும் வந்து திறந்து, பெருக்கி, பூட்டிப் போகும் பகுதிநேரக் காவலாளுக்கு 6,000. வலை, கோடு வண்ணம், குப்பைப் பை, துடைப்பம் வகைக்கு 2,000. பழுதுபார்ப்புக்கென்று தொடாமல் சேர்த்து வைக்க 1,500. ஆக மொத்தம் 10,500 ரூபாய். ஆளுக்கு மாதம் 300 ரூபாய் தரும் 35 பேர் இருந்தால் திடல் ஓடும். இருபது பேர்தான் இருக்கிறார்கள் என்றால் விளக்கு நேரத்தைக் குறையுங்கள், அல்லது காவலாள் இல்லாமல் உறுப்பினர்களே முறைவைத்துத் திறந்து பூட்டுங்கள். எப்படியானாலும் இந்தக் கணக்கு நேராகாமல் மனு எழுத உட்கார வேண்டாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பொதுப் பூங்காவில் உங்கள் விருப்பப்படி பணம் வசூலிக்க முடியாது. "பயன்படுத்துவோர் பராமரிப்புப் பங்களிப்பு" என்று தொகையைக் குறிப்பிட்டு, அதற்கு எழுத்து மூலமான அனுமதி வாங்கிய பிறகே ரசீதுப் புத்தகம் அச்சடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தணிக்கையில் முதலில் மாட்டுவது உங்களுக்குக் கையெழுத்துப் போட்ட அலுவலர், இரண்டாவதாக நீங்கள். கட்டணம் இல்லாத நேரமும் கட்டாயம் இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளிடம் காசு கேட்கும் சங்கத்துக்கு அக்கம்பக்கத்தில் ஆதரவு ஒரு மாதம்கூட நிலைக்காது.

3. சங்கத்தைப் பதிவு செய்யுங்கள்

நண்பர்கள் குழு, காலை நடைப்பயிற்சியாளர் வட்டம் என்ற பெயரில் போனால் மனுவை வாங்கிக்கொள்வார்கள், ஒப்பந்தம் போடமாட்டார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் செய்ய வேண்டிய வேலை இது. சங்க அமைப்புக் குறிப்பு, துணை விதிகள், உறுப்பினர்களின் அடையாள ஆவணம், முகவரிச் சான்று, அலுவலகமாகக் காட்டும் வீட்டின் உரிமையாளர் தரும் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். துணை விதியில் "பொது இடங்களில் விளையாட்டு வசதிகளைப் பராமரித்தல்" என்ற நோக்கத்தைத் தவறாமல் சேர்க்க வேண்டும். எத்தனையோ நலச்சங்கங்களின் துணை விதியில் குடிநீர், சாலை, தெருவிளக்கு மட்டும்தான் இருக்கும். பின்னால் திருத்தம் கொண்டுவரப் பொதுக்குழு, தீர்மானம், மறுபடி தாக்கல் என்று இன்னொரு சுற்று சுற்ற வேண்டியிருக்கும்.

பதிவானதும் சங்கத்தின் பெயரில் பான் அட்டை, பிறகு வங்கிக் கணக்கு. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து என்று கணக்கைத் திறங்கள். தனி ஒருவரின் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பும் பழக்கத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள்; சங்கங்களுக்குள் சண்டை மூளுவது பெரும்பாலும் அங்கேதான். ஆண்டுக்கொரு முறை பொதுக்குழு கூட்டிக் கணக்கைப் பதிவாளருக்குத் தாக்கல் செய்வதும் மறக்கக் கூடாது. தாக்கல் நிலுவையில் இருந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் கையைக் கடிக்கும்.

4. மனு

மாநகராட்சி ஆணையருக்கு எழுதுங்கள். நகல் உங்கள் வார்டு உறுப்பினருக்கு. இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். முதல் பக்கத்தில் எந்த இடம், எவ்வளவு பரப்பு, என்ன விளையாட்டு, யார் நடத்துவது, மாநகராட்சியிடம் என்ன கேட்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தில் மாதக் கணக்கும் நேர அட்டவணையும். இணைப்பாக நில ஆவண நகல், சங்கப் பதிவுச் சான்று, நிர்வாகிகள் பட்டியல், பொதுக்குழுத் தீர்மானம், பூங்காவின் கையால் வரைந்த அளவுப்படம், நான்கு புகைப்படம். பூங்காவைச் சுற்றியுள்ள வீட்டுக்காரர்களிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்கிச் சேர்த்தீர்களானால் கோப்பு நகர்வதில் வித்தியாசம் தெரியும். விளக்கு வெளிச்சம் படுக்கையறைக்குள் விழுகிறது என்று பின்னால் புகார் கொடுக்கப் போகிறவர் யார் என்பதும் அந்தக் கையெழுத்து வேட்டையிலேயே தெரிந்துவிடும்.

நேரில் கொடுத்தால் ஒப்புகை முத்திரையோடு நகலைக் கையில் வாங்கிக்கொண்டுதான் படியிறங்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். மனு எண் கிடைக்கும். ஆனால் அந்த மனுவும் சுற்றி வந்து மாநகராட்சிக்கே அனுப்பப்படும் என்பதால், அங்கே கொடுத்துவிட்டேனே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்களுக்காகக் கூட்டப்படும் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது இந்தக் கோரிக்கையை எழுப்பிக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். மாமன்றத்தில் பொருள் வைக்கும்போது அந்தக் குறிப்பு பெரிய துணை.

பிறகு உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்வையிடுவார். அவர் வரும் நாளில் அளவுநாடாவோடு நீங்களும் அங்கே நில்லுங்கள். அறிக்கை, பரிந்துரை, மாமன்றப் பொருள், தீர்மானம், ஆணை என்று கோப்பு படியேறும். எல்லாம் சரியாக இருந்தாலும் மூன்று நான்கு மாதம் ஆகும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். நடுவில் தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்தால் புதிய ஆணை எதுவும் வராது. ஜனவரியில் வேலை தொடங்க வேண்டுமென்றால் ஜூன், ஜூலையிலேயே மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

5. ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்

ஒப்பந்தத்துக்கு 200 ரூபாய் முத்திரைத்தாள் வேண்டும். 2024-இல் தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டணம் கூடியது. பழைய நினைவில் 20 ரூபாய்த் தாளை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

வாசகங்களைப் பொறுத்தவரை ஐந்து இடங்களில் கண்ணை ஊன்றிப் படியுங்கள். மின்கட்டணம் யார் பொறுப்பு, மின் இணைப்பு யார் பெயரில்? கம்பம், விளக்கு, வலை எல்லாம் யாருடைய உடைமை? யாருக்காவது அடிபட்டால் பொறுப்பு யாருடையது? எத்தனை ஆண்டு, புதுப்பிக்க எத்தனை மாதம் முன்பு எழுத வேண்டும்? எத்தனை நாள் அறிவிப்பில் மாநகராட்சி திரும்ப எடுத்துக்கொள்ளலாம்? வெள்ளக் காலத்தில் நிவாரணப் பணிக்காகவோ தேர்தல் பணிக்காகவோ இடத்தைக் கேட்டால் மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் எடுத்த இடத்தை எந்த நிலையில் திருப்பித் தருவார்கள் என்பதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள்.

அடிபட்டால் என்ற கேள்விக்கு விடை காப்பீடு. பொதுப் பொறுப்புக் காப்பீடு என்று கேட்டால் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் விலைப்புள்ளி தருவார்கள். பிரிமியத்தை மாதக் கணக்கில் பன்னிரண்டில் ஒரு பங்காக ஏற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பூங்காவின் ஒரு பகுதியை நீங்கள் பராமரிக்கிறீர்கள், அவ்வளவுதான். கதவில் "உறுப்பினர்களுக்கு மட்டும்" என்று எழுதினால் அன்றோடு உங்கள் நியாயம் போயிற்று. பொதுப் பூங்காவை வேறு உபயோகத்துக்குத் திருப்புவதை உச்ச நீதிமன்றம் 1991-லேயே, பெங்களூரில் பூங்கா இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்த வழக்கில், கண்டித்து, அந்த ஒதுக்கீடு செல்லாது என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்திருக்கிறது.

6. கட்டுமானப் பணம்

நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். பூங்கா, விளையாட்டுத் திடல் பணிகள் இதில் வரும். ஆறு லட்ச ரூபாய் மதிப்பீடு என்றால் உங்கள் பங்கு இரண்டு லட்சம். இதற்குக் கொடையாளர் ஒருவரே போதும். வேலை டெண்டர் மூலம்தான் போகும் என்பதால் உங்களுக்குத் தெரிந்த கொத்தனாரை வைத்துச் செய்ய முடியாது. மதிப்பீடு தயாராகும்போதே அளவு, சரிவு, குழாய்த் தரம் எல்லாவற்றையும் பொறியாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். டெண்டர் முடிந்த பிறகு "இதையும் கொஞ்சம் சேர்த்துப் போடுங்கள்" என்றால் எவருக்கும் காது கேட்காது.

சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி இன்னொரு வழி. அவர்கள் பரிந்துரைக்க, மாவட்ட நிர்வாகம் ஒப்புதல் தரும். நிதியாண்டுத் தொடக்கத்தில் போய்க் கேளுங்கள். பிப்ரவரியில் போனால் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றுதான் சொல்வார்கள். திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் இந்த வழியில் எளிதாகக் கிடைக்கின்றன. எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிக் குவிக்காதீர்கள். சுழலும் பாகம் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் பேரிங்கும் கிரீசும் வேண்டும். உப்புக்காற்றில் அது ஓராண்டில் கிரீச்சிட ஆரம்பித்துவிடும். நான்கு நல்ல கருவிகள் போதும்.

7. திடல் போடும்போது

ஒப்பந்தக்காரர்கள் பார்க்காமல் விடும் விஷயங்கள் இந்தக் கட்டத்தில்தான் இருப்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அளவு முதலில். இறகுப்பந்து இரட்டையர் திடல் 13.40 மீட்டருக்கு 6.10 மீட்டர். சுற்றிலும் இரண்டு மீட்டராவது விட்டால் 17.40-க்கு 10.10 ஆகிறது. கைப்பந்துத் திடல் 18-க்கு 9. சுற்றிலும் மூன்று மீட்டர் வேண்டும் என்பதால் 24-க்கு 15. ஆடவர் கபடிக்கு 13-க்கு 10, மகளிருக்கு 12-க்கு 8. பூப்பந்து (கம்பளிப் பந்தில் ஆடுவது) ஆடும் பெரியவர்கள் உங்கள் பகுதியில் இருந்தால் 24-க்கு 12 மீட்டர் தேவை. இருக்கும் இடத்தில் மூன்று திடலை நெருக்கி அடைக்காதீர்கள். இரண்டு ஆட்டங்களின் கோடுகளை இரண்டு நிறத்தில் ஒரே தளத்தில் போட்டு, நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம்.

திசை: நீளப்பக்கம் வடக்கு தெற்காக இருக்க வேண்டும். கிழக்கு மேற்காகப் போட்டால் காலையில் ஒரு பக்கத்தார், மாலையில் மறுபக்கத்தார் சூரியனைப் பார்த்துக்கொண்டுதான் ஆட வேண்டும். ஆனால் வடக்கு தெற்காகப் போட்டால் கடலூரில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று திடலைக் குறுக்கே வெட்டும். பிற்பகலில் கிளம்பும் காற்று பந்தைப் பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கு அனுப்பிவிடும். இறகுப்பந்துக்கு உகந்தது காலை எட்டு மணிக்கு முந்திய நேரம்தான். கிழக்குப் பக்கம் மரவரிசையோ செடிவேலியோ வளர்ப்பது நல்லது. அவசரமென்றால் பச்சை நிழல்வலை கட்டுங்கள். ஆனால் கொக்கியில் மாட்டிக் கழற்றும்படி கட்டுங்கள். கம்பியால் முறுக்கி நிரந்தரமாகக் கட்டிய வலை புயல் வரும்போது பாய்மரமாகிக் கம்பத்தையே சாய்த்துவிடும். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று இந்தக் கரை அடிக்கடி அடி வாங்குகிறது.

சரிவு: நூறுக்கு ஒன்று, ஒரே பக்கமாக. நடுவில் மேடு போட்டு இரண்டு பக்கமும் சரிக்க வேண்டாம். வலைக்குக் கீழே முதுகெலும்பு போல் ஒரு வரம்பு நிற்கும். தண்ணீர் போய் விழும் பக்கத்தில் ஓர் அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பிய வாய்க்கால் இருக்கட்டும். அது எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் பாருங்கள். ஊஞ்சல் பகுதிக்குள் போய்ச் சேர்ந்தால் நவம்பர் முழுவதும் குளம்தான்.

கம்பம்: உப்புக்காற்றுக்குப் பெயிண்ட் ஒரு தடையே இல்லை. சூடான துத்தநாக முலாம் பூசிய ஜி.ஐ. குழாய் கேளுங்கள். பளபளப்பான சாதாரண எவர்சில்வர் குழாயும் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி போடும். எங்கள் திடலில் வலைக்கம்பம் தளத்துக்குள் இறங்கும் இடத்தில், தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், துரு வளையமாகக் கிளம்பியது. மேலே பார்த்தால் கம்பம் புதிது போல் இருக்கும். வலையை இழுத்து முறுக்கும்போது அடியில் நெளியும். அந்த இடத்தில்தான் மழைநீரும் மணலும் தேங்குகின்றன. தரைக்குள் ஒரு குழாய் உறையைப் புதைத்து, கம்பத்தை அதற்குள் செருகிக் கழற்றும்படி செய்தால் இந்தத் தொல்லை இல்லை. உறையின் அடியில் தண்ணீர் இறங்கத் துளை இருக்க வேண்டும். கம்பம் இல்லாத நேரத்தில் மேலே மூடியும் வேண்டும், இல்லாவிட்டால் குழந்தைகளின் கால் அதற்குள் போகும்.

விளக்கு: திடலின் இரு பக்கவாட்டிலும் வையுங்கள். ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால், கடைக்கோட்டுக்கு நேராக விளக்கு வைத்தால் எதிரே நிற்பவர் பந்தைத் தேட வேண்டியதுதான். சுவிட்சோடு ஒரு டைமரும் மாட்டுங்கள். இரவு ஒன்பதரைக்கு விளக்கு தானாக அணைந்துவிட்டால் "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்ற வாக்குவாதமே எழாது.

ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் கீழே சிமெண்ட் கூடவே கூடாது. ஓரடி ஆழத்துக்குத் தளர்ந்த மணல் வேண்டும். வாரம் ஒரு முறை கிளறிவிட வேண்டும். வெள்ளிக் கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது என்று மணல் அள்ளி வந்து கொட்டாதீர்கள். அது சட்டப்படி குற்றம், அதிலுள்ள உப்பு ஊஞ்சலின் காலையும் அரிக்கும். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவுக்கு மேல் போகக் கூடாது. மரம் குறுக்கே நின்றால் வெட்ட நினைக்க வேண்டாம். அதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். கோட்டை நகர்த்திக்கொள்வது எளிது.

8. நேர அட்டவணை

இதில் தவறினால் மேலே சொன்ன எல்லாம் வீண். ஒரு பூங்காவுக்குள் காலை ஐந்தரைக்கு நடைப்பயிற்சிக்காரர்கள் வருகிறார்கள். ஆறு மணிக்கு இறகுப்பந்து. பள்ளி விட்டதும் பிள்ளைகள். மாலை ஆறு மணிக்குக் கைப்பந்து இளைஞர்கள். இவர்களில் ஒவ்வொருவரும் பூங்கா தமக்காகத்தான் உண்டாயிற்று என்று உளமார நம்புகிறவர்கள்.

நாங்கள் பின்பற்றும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். காலை 5.30 முதல் 8 வரை உறுப்பினர்கள். ஆனால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை திடல் மாற வேண்டும், காத்திருப்பவர் உறுப்பினரா என்று கேட்கக் கூடாது. மாலை 4 முதல் 6 வரை பிள்ளைகளுக்கு இலவசம். அதில் செவ்வாயும் வெள்ளியும் பெண் பிள்ளைகளுக்கு மட்டும். முதலில் இதற்கு முணுமுணுப்பு இருந்தது. தனி நேரம் ஒதுக்கிய பிறகுதான் அவர்கள் வரவே தொடங்கினார்கள். இப்போது அந்த இரண்டு நாளிலும் அம்மாக்களும் மட்டையோடு வருகிறார்கள். 6 முதல் 9 வரை உறுப்பினர்களும் இளைஞர் அணிகளும். ஞாயிறு மாலை முழுவதும் எல்லாருக்கும் பொது.

அட்டவணையைத் தகரப் பலகையில் எண்ணெய் வண்ணத்தில் எழுதி வாசலில் வையுங்கள். அச்சடித்த ஃபிளெக்ஸ் ஒரு மழைக்குத் தாங்காது. பலகைக்குக் கீழே நூலில் கட்டிய நோட்டு ஒன்று தொங்கட்டும். யார், எந்த நேரம் என்று அதில்தான் பதிவு. கைப்பேசிக் குழுவில் பதிவு செய்யும் முறையையும் பார்த்தோம். விரைவாக விரல் நகர்த்தும் ஐந்து பேருக்கு மட்டுமே திடல் என்றாயிற்று. நோட்டில் நேரில் வந்து எழுத வேண்டும் என்றால் எல்லாருக்கும் ஒரே நீதி.

டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டுக்கு உறுதியாக இல்லை என்று சொல்லுங்கள். ஊஞ்சல் பகுதியும் கிரிக்கெட்டும் ஒரே பூங்காவில் ஒத்துவராது. அந்த இளைஞர்களை விரட்டிவிடாமல், ஞாயிறு காலை வேறு எந்த மைதானத்தில் ஆடலாம் என்று விசாரித்து வழிகாட்டுங்கள். இல்லையேல் இரவில் விளக்கு உடையும். தடகளப் பயிற்சி கேட்டு வருபவர்களை அண்ணா விளையாட்டரங்குக்கு அனுப்பலாம். அது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இடம். மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரிடம் பேச வேண்டும். சுதந்திர தினம், குடியரசு தினத்தை ஒட்டிய நாட்களில் அங்கே ஒத்திகை நடக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

9. போட்டி வைத்தால்

ஆண்டுக்கு ஒரு போட்டி போதும். மார்ச், ஏப்ரல் தேர்வுக் காலம், மே அக்னி நட்சத்திரம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மிஞ்சுவது ஜனவரி, பிப்ரவரி, பிறகு ஜூன் முதல் செப்டம்பர் வரை. மாசிமகத்தன்று தேவனாம்பட்டினம் பக்கம் ஊரே திரளும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மாநகராட்சிக்கு ஒரு மாதம் முன்பே கடிதம். காவல் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதி. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது. கூடுதல் விளக்குக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தற்காலிக இணைப்பு கேட்டு முன்பணம் கட்டுங்கள். யூனிட் விலை அதிகம்தான். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுக்கலாம் என்று நிச்சயமாக ஒருவர் யோசனை சொல்வார்; அவரைத் தேநீர் வாங்க அனுப்பிவிடுங்கள். உணவுக் கடை போடுபவரிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். சிறு வியாபாரிக்கு அதற்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் குவளையும் 2019 ஜனவரி முதலே தமிழ்நாட்டில் தடையில் உள்ளவை. அவை கிடந்தால் அபராதம் போட்டி நடத்துபவருக்கு வரும்.

புதுச்சேரியில் என்றால்

எல்லை தாண்டினால் கதை வேறு. அங்கே 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. அதன் பிறகு ஆணையரே நகராட்சியின் நிர்வாகி. எனவே வார்டு உறுப்பினரைத் தேடாமல் ஆணையருக்கும் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் எழுதுங்கள். உங்கள் இடம் புதுச்சேரி நகராட்சியா, உழவர்கரை நகராட்சியா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். தெருவின் ஒரு பக்கம் ஒன்றிலும் மறுபக்கம் மற்றொன்றிலும் இருக்கக்கூடும். எல்லாப் பூங்காவும் நகராட்சியிடம் இல்லை. தாவரவியல் பூங்கா வேளாண் துறையிடம் இருக்கிறது. தகவல் அறியும் உரிமையில் இரண்டாம் மேல்முறையீடு டெல்லியிலுள்ள மத்திய தகவல் ஆணையத்துக்குப் போகும்.

அவர்களிடம் பொறாமைப்பட ஒன்று உண்டு. இரும்புக் குண்டை உருட்டி ஆடும் பெத்தாங் ஆட்டத்துக்கு 15 மீட்டருக்கு 4 மீட்டர் சரளை மண் போதும். வலை, கம்பம், வண்ணம் எதுவும் வேண்டாம். மாதச் செலவு ஏறக்குறைய பூஜ்யம். முதியவர்கள் அதிகம் வரும் பூங்காவென்றால் கடலூரிலும் இதை யோசிக்கலாம்.

10. மழைக்கு முன்

செப்டம்பர் கடைசி வாரத்தில் செய்ய வேண்டியவை இவை. வாய்க்கால் ஜல்லியை வாரி அலசித் திருப்பிப் போடுங்கள். மின் பெட்டியின் ரப்பர் விளிம்பைப் பாருங்கள், பூமிக் கம்பி இணைப்பை மின்பணியாளரைக் கொண்டு சோதியுங்கள். ஊஞ்சல் சங்கிலியின் மேல் கொக்கி தேய்ந்திருக்கிறதா என்று ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். கீழிருந்து பார்த்தால் தெரியாது. திடலின் மேல் சாய்ந்திருக்கும் காய்ந்த கிளைகளைக் கழிக்க மாநகராட்சிக்கு எழுதி, கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்ததும் நிழல்வலை, ஆட்டவலை, கழற்றக்கூடிய கம்பங்கள் எல்லாவற்றையும் அறைக்குள் அடுக்குங்கள். ஊஞ்சல் பலகைகளைச் சங்கிலியோடு மேலே சுருட்டிக் கட்டுங்கள். விளக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள். சாவி ஒன்று காவலாளிடம், மற்றொன்று பூங்காவுக்கு மிக அருகில் குடியிருக்கும் நிர்வாகியிடம்.

மழை விட்ட பிறகு தளம் காய்ந்துவிட்டது என்று அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். சிமெண்ட் தளத்தில் பாசி கண்ணுக்குத் தெரியாமல் படர்ந்திருக்கும். ப்ளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் வெயிலில் விட்டு, செருப்பில்லாமல் நடந்து பார்த்து வழுக்கவில்லை என்றால் வலையைக் கட்டலாம்.